பாலியல் நலத்தை மக்கள் நடுவே அளப்பது எப்படி? எண்ணிக்கையும் திருப்தியும் போதுமா?

கேள்வி: களப்பணி_நிலா

அனைவருக்கும் வணக்கம். சமூக மருத்துவத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியின் கிராமப்புறக் களப்பகுதியில் 25 முதல் 49 வயது வரையிலான பெண்கள், ஆண்கள் ஆகிய இருபாலரின் பாலியல் நலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவமனைக்குக் குறை சொல்லிக்கொண்டு வருபவர்களைப் பற்றிய ஆய்வு அன்று. வீடுகளில் இருக்கும் பொதுமக்களைப் பற்றியது.

என் வழிகாட்டி இரண்டே கேள்விகள் போதும் என்கிறார். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை உறவு நிகழ்ந்தது என்பது ஒன்று. ஒட்டுமொத்தமாக எவ்வளவு திருப்தி என்று ஐந்து படிநிலைகளில் கேட்பது இன்னொன்று. இவற்றோடு ஆண்களுக்கு விறைப்புக் குறைபாட்டுக்கான வழக்கமான வினாத்தாளையும், பெண்களுக்கு எஃப்எஸ்எஃப்ஐ (பெண் பாலியல் செயல்பாட்டுக் குறியீடு) என்னும் 19 கேள்விகள் கொண்ட வினாத்தாளையும் சேர்த்துக்கொண்டால் ஆய்வேடு தயார் என்பது அவர் கருத்து.

ஆனால் 2021-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிர்ஸ்டின் மிட்செல், ரூத் லூயிஸ் ஆகியோர் லூசியா ஓ'சல்லிவன், டென்னிஸ் ஃபோர்டன்பெரி ஆகியோரோடு எழுதிய கட்டுரையையும், அதையொட்டி, நாட்சால் எனப்படும் பிரிட்டனின் தேசிய பாலியல் நடத்தை ஆய்வுக்காக உருவாக்கப்பட்ட 13 கேள்விகள் கொண்ட அளவுகோலைப் பற்றியும் படித்த பிறகு எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. பாதுகாப்பு உணர்வு, மதிக்கப்படுதல், பாலியல் சார்ந்த தன்மதிப்பு, தன் பாலியல்பு குறித்த இயல்பான மனநிலை, தன் விருப்பப்படி முடிவெடுக்கும் நிலை, கடந்தகால அனுபவங்களிலிருந்து மீண்டுவரும் திறன், நடந்துபோனவற்றை மன்னித்துக் கடந்துபோதல் என ஏழு கூறுகளை அது அளக்கிறது. உறவு எத்தனை முறை நடந்தது, எப்படி நடந்தது என்பதைப் பற்றி இக்கூறுகளில் எதுவுமே இல்லை. இது தன்னம்பிக்கையை அளக்கும் கோலுக்கு வேறு பெயர் வைத்தது போல இருக்கிறது என்று உடன் படிக்கும் தோழி சொல்கிறாள். எனக்கும் அதை மறுக்கத் தெரியவில்லை. இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள், எதை அளந்தால் உண்மையில் பாலியல் நலத்தை அளந்ததாகும் என்று விளக்க வேண்டுகிறேன்.

---

மறுமொழி 1: புள்ளியியல்_ஆசான்

உங்கள் வழிகாட்டி சொல்வது புதிதன்று. இத்துறை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வழியில்தான் நடந்தது. அது எங்கே போய் முட்டிக்கொண்டது என்பதைப் பார்த்தால் 13 கேள்விகள் ஏன் வந்தன என்பது விளங்கும்.

1992-இல் அமெரிக்காவில் 18 முதல் 59 வயது வரையிலான 3,432 பேரிடம் நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. அதன் தரவுகளைக் கொண்டு 1999-இல் ஜாமா இதழில் வெளியான கட்டுரை, பெண்களில் 43 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் பாலியல் செயல்பாட்டில் கோளாறு இருப்பதாக அறிவித்தது. வயாகரா சந்தைக்கு வந்து ஓராண்டுகூட நிறையாத காலம் அது. அந்த 43 என்ற எண் உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் அந்த ஆய்வில் கேட்கப்பட்டதெல்லாம், கடந்த ஓராண்டில் சில மாதங்களோ அதற்கு மேலோ விருப்பக் குறைவு, வலி, உச்சம் அடையாமை போன்றவற்றில் ஏதேனும் இருந்ததா, இல்லையா என்பதுதான். அது அவரை வருத்தியதா என்று யாரும் கேட்கவில்லை. கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு தாய்க்கு விருப்பம் குறைந்திருப்பது கோளாறா என்பதை அந்த எண் சொல்லாது.

பிரிட்டனின் மூன்றாம் நாட்சால் ஆய்வு, 2010 முதல் 2012 வரை, 16 முதல் 74 வயது வரையிலான 15,162 பேரிடம் நடந்தது. முந்தைய ஓராண்டில் உறவு வைத்திருந்தவர்களில் ஆண்களில் 41.6 விழுக்காட்டினரும் பெண்களில் 51.2 விழுக்காட்டினரும், மூன்று மாதங்களோ அதற்கு மேலோ நீடித்த ஏதேனும் ஒரு பிரச்சினையைக் குறிப்பிட்டார்கள். ஆனால் தம் பாலியல் வாழ்க்கை குறித்து வேதனையோ கவலையோ உண்டா என்று தனியாகக் கேட்டபோது, ஆம் என்றவர்கள் இருபாலரிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். பிற்பாடு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு வரையறையைப் பின்பற்றி, பிரச்சினை எவ்வளவு காலமாக இருக்கிறது, எவ்வளவு அடிக்கடி வருகிறது, வேதனை தருகிறதா என்ற மூன்று நிபந்தனைகளையும் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். குறிப்பிட்ட நான்கு பிரச்சினைகளில் ஒன்றேனும் இருப்பதாகச் சொன்ன ஆண்கள் 38.2 விழுக்காடு, மூன்று நிபந்தனைகளும் பொருந்தியவர்கள் 4.2 விழுக்காடு. பெண்களில், குறிப்பிட்ட மூன்று பிரச்சினைகளுக்கு அதே கணக்கு 22.8 விழுக்காட்டிலிருந்து 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆட்கள் அதே ஆட்கள்; கேள்வியை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து நோயாளிகளின் எண்ணிக்கை ஆறு, ஒன்பது மடங்கு மாறுகிறது.

எண்ணிக்கைக்கும் இதே கதிதான். நாட்சால் ஆய்வுகள் மூன்றையும் ஒப்பிட்டு 2019-இல் பிஎம்ஜே இதழில் வந்த கட்டுரைப்படி, 16 முதல் 44 வயது வரையிலானவர்களில் வாரத்துக்கு ஒருமுறையேனும் உறவு கொள்பவர்கள் பாதிக்கும் குறைவு. அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டு வருவது 25 வயதைக் கடந்தவர்களிடமும் இணையோடு வாழ்பவர்களிடமுமே அதிகமாகத் தெரிகிறது. அதே கட்டுரையில் ஆண்களில் 64.3 விழுக்காட்டினரும் பெண்களில் 50.6 விழுக்காட்டினரும் இதைவிட அடிக்கடி வேண்டும் என்றார்கள். குறைந்த எண்ணிக்கை சிலருக்கு ஏக்கம், சிலருக்கு நிம்மதி. எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க முடியாது.

எஃப்எஸ்எஃப்ஐ பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. அது கடந்த நான்கு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. பெரும்பாலான கேள்விகளுக்கு, "உறவு நிகழவில்லை" என்ற விடைக்குச் சுழியம் மதிப்பெண். மொத்தம் 26.55 அல்லது அதற்குக் கீழ் என்றால் கோளாறு என்று கொள்வது வழக்கம். உங்கள் களப்பகுதியில் கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பெண்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அவர்கள் உடல், மனம் இரண்டிலும் நலமாக இருந்தாலும் உங்கள் அட்டவணையில் கோளாறு உள்ளவர்களாகத்தான் விழுவார்கள். சிகிச்சைக்கு வரும் பெண்ணின் முன்னேற்றத்தைத் தெரிந்துகொள்ள ஏற்பட்ட கருவியை ஊர் முழுவதற்கும் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும்.

---

மறுமொழி 2: ஆலோசகர்_மங்கை

திருப்தி என்ற ஒற்றைக் கேள்வியைப் பற்றி நான் சொல்கிறேன். குடும்ப நல ஆலோசனையில் நீண்ட காலம் இருப்பவள் என்பதால், அக்கேள்விக்கு வரும் விடையை நம்புவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு.

வேறு ஏதோ பிரச்சினைக்காக வரும் பெண்களிடம் தாம்பத்தியம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லைங்க, அவர் தொந்தரவு பண்ண மாட்டார்" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். தொந்தரவு இல்லாமை அவருக்குத் திருப்தி. அதே வீட்டு ஆணிடம் கேட்டால், தான் விரும்பியது விரும்பியபோது கிடைக்கிறதா என்பதை வைத்து விடை சொல்வார். இருவரும் ஐந்துக்கு நான்கு போட்டால், உங்கள் கணினி இருவரும் ஒரே அளவு நலமாக இருக்கிறார்கள் என்று அச்சிட்டுக் கொடுத்துவிடும்.

இதை அமெரிக்க உளவியலாளர் சாரா மெக்லெலண்ட் ஆய்வாகவே செய்திருக்கிறார். ஓர் ஏணியைக் கொடுத்து, அதன் அடிப்படிக்கும் உச்சிப்படிக்கும் என்ன பொருள் என்பதை, பதில் சொல்பவரையே விளக்கச் சொல்வது அவர் கையாண்ட முறை. அடிப்படி என்றதும் இளம்பெண்களிடமிருந்து வலி, அவமானம், அச்சம் போன்ற சொற்கள் வந்தன. ஆண்களோ சுவாரசியமில்லாத உறவையும் தனிமையையும் குறிப்பிட்டார்கள். கீழ்ப்படி இருவருக்கும் ஒரே தரையில் ஊன்றியிருக்கவில்லை என்றால், மேலே எத்தனையாவது படியில் நிற்கிறார்கள் என்பதை ஒப்பிட்டு என்ன பயன்? எதிர்பார்ப்பே குறைவாக வளர்க்கப்பட்டவர், கிடைத்ததில் நிறைவு கொள்வார். அந்த நிறைவைப் புள்ளிவிவரமாக்கி எல்லாம் நலமே என்று அரசுக்கு அறிக்கை கொடுப்பது, அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி என்பது என் கருத்து.

ஏழு கூறுகளைப் பற்றிய உங்கள் தோழியின் ஐயத்துக்கும் இதிலிருந்தே விடை வருகிறது. பொதுவான தன்னம்பிக்கை மிக்க ஒரு தலைமையாசிரியை, ஊராட்சித் தலைவி என்று யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையறையில் "வேண்டாம்" என்று சொல்ல முடியாதவராக அவர் இருக்கலாம். இவ்விரண்டும் தனித்தனி. அதோடு, இணை இல்லாதவர்களுக்கும் அந்த 13 கேள்விகள் பொருந்துகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கைம்பெண், மணமாகாதவர், பிரிந்து வாழ்பவர், உறவில் நாட்டமே இல்லாதவர் எல்லோரும் மக்கள்தொகையில் அடக்கம்தானே? சிறுவயதில் நடந்த ஒரு கொடுமைக்கு இன்றுவரை தன்னையே குற்றவாளியாக எண்ணிக் குமைந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் பாலியல் நலம், அவர் கடந்த மாதம் எத்தனை முறை உறவு கொண்டார் என்பதில் எந்த மூலையில் தெரியும்?

---

மறுமொழி 3: மாற்றுக்கருத்து

மேலே இருவரும் ஒரு பக்கமே பேசியிருப்பதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

அந்த 2021-ஆம் ஆண்டுக் கட்டுரை பாலியல் ஆரோக்கியம், பாலியல் நலம், பாலியல் நீதி, பாலியல் இன்பம் என்று நான்கு தூண்களைத் தனித்தனியே நிறுத்துகிறது. எனவே இன்பம் என்பது நலத்தின் அளவுகோலுக்கு வெளியே போய்விடுகிறது. இதை அவர்கள் தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்பது சரி. ஆனால் விளைவைப் பாருங்கள்: எந்த இன்பமும் அறியாமல், ஆனால் அச்சமோ குற்ற உணர்வோ இன்றி வாழும் ஒருவர் இந்த அளவுகோலில் உயர்ந்த மதிப்பெண் பெறலாம். ஆலோசகர் மங்கை சொன்ன "தொந்தரவு பண்ண மாட்டார்" பெண்மணி பாதுகாப்பு, மதிப்பு ஆகிய கூறுகளில் நன்றாகவே தேறிவிடுவார். குறைந்த எதிர்பார்ப்பு என்ற சிக்கலை 13 கேள்விகளும் முழுதாகத் தாண்டிவிடவில்லை.

மன்னித்தல் என்ற கூறிலும் எனக்குச் சங்கடம் உண்டு. தன்னைத்தானே பழித்துக்கொள்வதையும், வெட்கத்தில் ஒடுங்குவதையும், பழிவாங்கும் எண்ணத்தில் வேகுவதையும் விட்டுவிடும் போக்கு என்று அவர்கள் அதற்கு விளக்கம் தருகிறார்கள். தன்னை மன்னிப்பது வரை சரி. கொடுமை செய்தவன் இன்னும் அதே தெருவில் நடமாடும்போது, பாதிக்கப்பட்டவருக்குக் கோபம் இருப்பதை நலக்குறைவாகக் கணக்கெடுக்கலாமா? நீதி என்ற தூணைத் தனியே நட்டுவிட்டதால் இக்கேள்வி தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

---

மறுமொழி 4: சர்வே_மேற்பார்வையாளர்

அறிஞர்கள் எதைக் கேட்பது என்று விவாதிக்கிறார்கள். களத்தில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில், எங்கே உட்கார்ந்து கேட்பது என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். உங்கள் ஆய்வேடு நிற்பதும் விழுவதும் அதில்தான்.

நாட்சால் குழுவினர் இதற்கு எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று பாருங்கள். எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்தபோது திட்டமிடப்பட்ட முதல் ஆய்வுக்கு 1989-இல் மார்கரெட் தாட்சர் அரசு பணம் தர மறுத்தது. வெல்கம் அறக்கட்டளை செலவை ஏற்றதால்தான் 1990–91-இல் ஏறத்தாழ 19,000 பேரிடம் அது நடந்தது. அப்போது அந்தரங்கக் கேள்விகளைத் தாளில் அவர்களே நிரப்பிக் கொடுத்தார்கள். அடுத்தடுத்த ஆய்வுகளில் மடிக்கணினி வந்தது. பேட்டி எடுப்பவர் பொதுவான கேள்விகளை முடித்ததும் கணினியைப் பதிலளிப்பவர் பக்கம் திருப்பிவிடுவார். திரையில் வருவதை அவரே படித்து அவரே விடையை அழுத்துவார். மூன்றாம் ஆய்வில், முடிந்ததும் விடைகள் கணினிக்குள் பூட்டப்பட்டுவிட்டன. பேட்டியாளரே நினைத்தாலும் திறந்து பார்க்க முடியாது. இவ்வளவுக்குப் பிறகும் பதில் விகிதம் 57.7 விழுக்காடுதான். பதிலளிக்காத மீதிப் பேர் எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்வி எந்த அளவுகோலுக்கும் பொது.

நம் ஊருக்கு வருவோம். நீங்கள் ஒரு வீட்டுக்குப் போய் மருமகளிடம் பேச வேண்டும் என்றால் மாமியார் முறுக்குத் தட்டோடு வந்து பக்கத்தில் அமர்வார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வந்தவர்களைத் தனியே விட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை என்று நினைப்பார். பிள்ளைகள் கதவோரம் நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா எந்தத் திட்டத்துக்குக் கணக்கெடுக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார். இந்தச் சூழலில் 13 கேள்விகள் கேட்டாலும் சரி, ஒரே கேள்வி கேட்டாலும் சரி, வரும் விடை மாமியாருக்கான விடை.

தேசிய குடும்ப நல ஆய்வு இதற்குச் சில விதிகளை வைத்திருக்கிறது. குடும்ப வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்கலாம். தனிமை கிடைக்காவிட்டால் அப்பகுதியைக் கேட்காமலே விட்டுவிட வேண்டும். இடையில் யாராவது வந்துவிட்டால் பேச்சை வேறு பொருளுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது பெண்கள் மீதான வன்முறை ஆய்வுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட அறிவுரைகளில் ஒன்று. எங்கள் குழுவில் தடுப்பூசி, குடிநீர் பற்றிய கேள்விகளை ஒரு தனித்தாளில் கையோடு வைத்திருப்போம். நிலைப்படியில் நிழல் தட்டினால் அந்தத் தாள் மேலே வந்துவிடும்.

இன்னொரு முறையும் இங்கே கையாளப்பட்டிருக்கிறது. 2006–07-இல் தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களில் இளைஞர்களைப் பற்றி நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், திருமணத்துக்கு முன் உறவு உண்டா என்று நேரில் கேட்டதோடு நிற்காமல், ஒரு சீட்டில் ஆம், இல்லை என்று அவர்களே குறித்து உறையில் இட்டு ஒட்டித் தரவும் வழி வைத்திருந்தார்கள். மடிக்கணினிக்கு வசதி இல்லாத மாணவருக்கு இந்த உறையே போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, காதொலிக் கருவியில் கேள்வியைக் கேட்கவைத்து வண்ணப் பொத்தானை அழுத்தச் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில், விருப்பமில்லாதபோது கணவரிடம் மறுப்புச் சொல்ல முடியும் என்று மணமான பெண்களில் 82 விழுக்காட்டினர் சொன்னார்கள். விருப்பப்படி முடிவெடுத்தல் என்ற கூறுக்கு இந்திய அளவில் நமக்குக் கிடைத்திருக்கும் எண்களில் இது முக்கியமானது. ஆனால் சொல்ல முடியும் என்பது வேறு, சொன்ன பிறகு அந்த இரவு எப்படிக் கழிந்தது என்பது வேறு. இரண்டாவதை அந்தக் கேள்வி தொடவில்லை.

---

களப்பணி_நிலா:

எல்லோருக்கும் நன்றி. எஃப்எஸ்எஃப்ஐ-யை விட்டுவிட முடிவு செய்துவிட்டேன். 13 கேள்விகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா, அல்லது ஏழு கூறுகளில் எங்கள் பகுதிக்கு ஒத்துவருபவற்றை மட்டும் நானே தேர்ந்தெடுக்கலாமா? இரண்டு மாதங்களில் நெறிமுறைக் குழுவின் முன் நிற்க வேண்டும்.

---

புள்ளியியல்_ஆசான்:

பொறுக்கி எடுக்காதீர்கள். அந்த 13 கேள்விகளும் சேர்ந்து ஓர் அமைப்பாக நிற்கின்றனவா என்பதைப் பிரிட்டன் மக்களிடம் சோதித்துத்தான் வெளியிட்டிருக்கிறார்கள். நாலைந்தை உருவிவிட்டால், கையில் இருப்பது சோதிக்கப்படாத வேறொரு கருவி. முழுவதையும் எடுத்துக்கொண்டு, உருவாக்கியவர்களிடம் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். பிறகு உங்கள் பகுதியைச் சேர்ந்த பெண்கள், ஆண்கள் சிலரிடம் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு, "இதைக் கேட்டதும் உங்கள் மனத்தில் என்ன வந்தது" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். கருவியை உருவாக்கிய ஆய்வாளர்களும் இப்படித்தான் பேச்சிலிருந்து தொடங்கினார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே கேள்வியை வேறு வேறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று தெரிந்தால், இருபாலரின் சராசரியையும் ஓர் அட்டவணையில் அருகருகே போட உங்களுக்கு உரிமை இல்லை. இரண்டு மாதங்களுக்குள் முடியக்கூடியது இந்தப் பகுதிதான். ஊர் முழுவதற்கும் விழுக்காடு சொல்லும் ஆசையை விட்டு, தலைப்பை இக்கருவியின் பொருத்தப்பாடு என்று சுருக்கிக்கொள்ளும்படி வழிகாட்டியிடம் பேசிப் பாருங்கள்.

வேதனை பற்றிய ஒரு தனிக் கேள்வியையும், இன்பம் பற்றிய ஒரு தனிக் கேள்வியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மறுமொழிக்காரர் எழுப்பிய ஐயத்தை உங்கள் தரவிலேயே சோதித்துவிடலாம். நெறிமுறைக் குழு கட்டாயம் கேட்கப்போவது வேறொன்று: பதில் சொல்லும்போது ஒருவர் தமக்கு நடந்த வன்முறையை வெளிப்படுத்தினால் என்ன செய்வீர்கள் என்பது. 181 மகளிர் உதவி எண்ணும், உங்கள் மாவட்டத்து ஒருங்கிணைந்த சேவை மையத்தின் முகவரியும் அச்சிட்ட சிறிய சீட்டு, வேறு நலத் தகவல்களோடு கலந்து, பேட்டி முடிந்ததும் அனைவருக்கும் கொடுக்கப்படும் என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். தேவைப்படுபவருக்கு மட்டும் கொடுத்தால், அந்தச் சீட்டே வீட்டில் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.